விழுங்கிய மாத்திரைகள்

தாட்சாயிணிக்குப் பெரிய ஆசையெல்லாம் கிடையாது. மகள் சுகுணாவுக்கு இரட்டைப் பின்னல் போட்டு, ரிப்பன் கட்டிப் பள்ளிக்கூடம் அனுப்ப வேண்டும். பெற்ற பெண்ணுக்குத் தலைவார ஒருத்தி ஏங்குவாளா என்றால், ஒன்றரை வருஷமாக ஏங்கிக்கொண்டுதான் இருந்தாள். சீப்பும் ரிப்பனும் அம்பத்தூர் வீட்டில் இருந்தன. பெண் குத்தம்பாக்கத்தில், அத்தை கன்னியம்மா வீட்டில் இருந்தாள்.

எல்லாம் தாட்சாயிணியின் ஆஸ்துமாவால் வந்த வினை. மூச்சு கட்டிக்கொண்டு அவள் துடித்ததைப் பார்த்த பயத்தில் குழந்தைக்குக் காய்ச்சலே வந்துவிட, அத்தை வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள்.

"மாத்திரைய ஒயுங்கா முயுங்கி ஒடம்பத் தேத்து. கொயந்தைய இட்டாந்துடறேன்" என்றான் புருஷன் உலகநாதன்.

ஒரு நாள் விடாமல் விழுங்கினாள். முகம் உப்பியது, கை நடுங்கியது, இளைப்பு மட்டும் அசைந்து கொடுக்கவில்லை. உப்பிய முகத்தைப் பார்த்த கன்னியம்மா, "கொயுகொயுன்னு நல்லாத்தானே கீறா" என்றாள். நல்ல நாத்தனார்!

உலகநாதனுக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் சரக்கைப் பரிசோதிக்கும் வேலை. இரும்புத் துண்டில் போட்ட துளைக்குள் கேஜ் என்கிற அளவுக் குச்சியை விட்டுப் பார்ப்பான். நுழையக்கூடாத குச்சி நுழைந்துவிட்டால் துளை பெரிசு, உடனே கழிவு என்று சிவப்புப் பெயின்ட். மெஷின்காரன் தலைகீழாக நின்றாலும் காதில் வாங்கமாட்டான்.

வீட்டிலும் அதே கதைதான். காலையில் மாத்திரையைக் கொடுத்து, "வாயத் தொற" என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்புவான். ஒரு நாள் இருமலில் அவள் வாந்தி எடுத்தபோது மாத்திரையும் வந்து விழுந்தது. வேலை விட்டு வந்து தண்ணீர்த் தொட்டியோரம் அதைப் பார்த்தவன், தினமும் துப்புகிறாள் என்று முடிவு கட்டிவிட்டான். இந்த மருந்துக்கு அடங்காத ஆஸ்துமாவே கிடையாது என்று பழைய டாக்டர் வேறு சொல்லி வைத்திருந்தார். அவள் போடாத சத்தியமில்லை. சிவப்புப் பெயின்ட் அடித்தது அடித்ததுதான்.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் ஆடியில், பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் ஆராய்ச்சிக்கென்று அவள் ரத்தத்தை எடுத்தார்கள். சில வாரம் கழித்து இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார் லேடி டாக்டர்.

"ரத்தத்துல இருக்கிற வெள்ளை அணுக்கள் கிருமியோட சண்டை போடும். ஆஸ்துமால அதுங்க வேண்டாத சண்டையை மூச்சுக்குழாய்ல போடும். 'போதும், அடங்கு'ன்னு சொல்றதுதான் இந்த மாத்திரை. உங்க மனைவியோட அணுக்கள் மேல, சோதனைக் குழாய்ல நாங்களே மருந்தை ஊத்திப் பார்த்தோம். மத்தவங்களோடது அடங்கிடுச்சு. இவங்களோடது அடங்கல."

"அப்போ, இவ முயுங்கனது?"

"தவறாம சாப்பிட்டிருக்காங்க. ரத்தத்துல தெரியுது."

"கேஜு தேஞ்சி பூட்டா, நல்ல பீஸக்கூட ரிஜெக்ட்னுதான் சொல்லும்" என்றான் உலகநாதன் மெதுவாக. டாக்டருக்குப் புரியவில்லை. தாட்சாயிணிக்குப் புரிந்தது, ஆனால் சந்தோஷம் வரவில்லை. மருந்தே கேட்காதென்றால் உடம்பு எப்போது தேறும், பெண் எப்போது வருவாள்? பஸ்ஸில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

பாடியில் இறங்கினார்கள். அம்பத்தூர் பஸ் வந்தது. உலகநாதன் ஏறவில்லை.

"இன்னாங்க, நம்ம பஸ்ஸு போவுதே?"

"குத்தம்பாக்கம் போவலாம். கொயந்தைய இட்டாரலாம்."

"எனக்கு இன்னும் மூச்சு எறைக்குதே..."

"எறைச்சா எறைக்கட்டும். நான் கீறேன் இல்ல?"

குத்தம்பாக்கத்தில் சுகுணா வாசலில் விளையாடிக்கொண்டிருந்தாள். ஒரு சாண் வளர்ந்திருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் ஓடி வந்தவள், இரண்டடி தள்ளியே நின்றுவிட்டாள்.

"அம்மா, நீ மாத்திரை முயுங்கிட்டியா? முயுங்குனாதான் நான் நம்ம ஊட்டுக்கு வரலாம்னு அத்த சொல்லிச்சி. வாயத் தொற."

தாட்சாயிணி வாயைத் திறக்கப் போனாள். உலகநாதன் குழந்தையை வாரித் தூக்கி அவள் இடுப்பில் வைத்தான்.

"முயுங்கிட்டாம்மா. ஒரு நாள்கூட வுடல. அப்பாதான் சரியா பாக்கல."