கோக்பெல் கிருமி

எங்கள் அக்தாஷ் ஊரில் அந்த வசந்தத்தில் ஒன்பது பசுக்கள் மாதம் நிறையாமலே கன்று வீசின. ஒன்பதாவது வீசிய அன்றைக்கே ஊர்த்தலைவர் ஷாமுரத் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டார். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கோக்பெல்காரர்கள்தானாம்.

"அவனுங்க மாடு நம்ம மேய்ச்சல்ல வாய் வைக்குது. வேற எப்படி வரும்?"

நான் இந்த வட்டாரத்து மாட்டு டாக்டர், பெர்மெத். கன்று வீச்சு நோய் ஊர்ப்பெயர் பார்த்து ஒட்டுவதில்லை என்று சொல்லிப் பார்த்தேன். அவர் கேட்கவில்லை. பாலத்தை மறித்துக் காவல் போட்டார். கோக்பெல் மாடு வந்தால் திருப்பி அனுப்ப வேண்டும். கோக்பெல் மாப்பிள்ளை வந்தால் காலணியைக் கழுவிவிட்டு உள்ளே விடலாம்.

கோக்பெல்லிலும் ஆறு பசுக்கள் வீசியிருந்தன. அங்கே மேய்ப்பர் தோகோன் என்னைக் கண்டதும் கத்தினார்: "உங்க தலைவர்கிட்ட சொல்லும்மா, அவர் அனுப்பின சீக்கு பத்திரமா வந்து சேர்ந்துச்சுன்னு!"

இரண்டு ஊரிலும் மாதிரி எடுத்தேன். தலைவர் வீட்டுக் கொட்டகை மட்டும் திறக்கவில்லை. அங்கே கான்ஷாயிம் நின்றது. போன வருடம் வெளிநாட்டிலிருந்து அவர் இறக்கிய பசு, கண்காட்சியில் பதக்கம் வாங்கியது. அதன் பாலைக் கறந்த சூட்டோடு தானும் குடிப்பார், விருந்தாளிகளுக்கும் கொடுப்பார். காய்ச்சினால் பசுவுக்கு அவமரியாதையாம்.

"அதுக்குச் சான்றிதழ் இருக்கும்மா. உனக்கும் எனக்கும் அப்படி ஒண்ணு இருக்கா?"

நான் திரும்பும்போது, அங்கே பால் கறக்கும் குல்சிரா வேலியோரம் வந்தாள்.

"அக்கா, முதல்ல வீசினது கான்ஷாயிம்தான். போன இலையுதிர்லயே, ரெண்டு ஊர் மாடும் மேயுற மலை மேய்ச்சல்ல. விழுந்ததை நாய்ங்க இழுத்துட்டுப் போச்சு. வாயைத் திறக்கக் கூடாதுன்னுட்டார்."

மறுநாள் ஒரு சிறு குப்பியில் அதன் பாலைக் கொண்டுவந்தாள்.

ஆறு வாரம் கழித்துத் தலைநகர் ஆய்வகத்தின் முடிவு வந்தது. இரண்டு ஊரையும் கூட்டிவைத்துப் படித்தேன். பதினைந்து பசுக்களின் கிருமியும் மரபணுவில் ஒரே குடும்பம். எங்கள் மலையில் முன்பு கிடைத்த கிருமிகள் பல ரகம். அவற்றில் எதனோடும் இது ஒட்டவில்லை. கான்ஷாயிமின் பாலில் இருந்த கிருமியோடும், அது பிறந்த நாட்டுப் பண்ணைகளின் கிருமியோடும்தான் ஒட்டியது.

தோகோன் எழுந்தார். "அடேயப்பா, எங்களுக்கு வந்தது இறக்குமதிச் சரக்கா! அதுக்கும் ஒரு பதக்கம் குத்துங்க தலைவரே!"

கூட்டமே சிரித்தது. ஷாமுரத்துக்குச் சட்டை நனைய வியர்த்தது. வெட்கம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். எழ முயன்றவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். இரண்டு வாரமாகச் சாயங்காலமானால் காய்ச்சலாம், யாரிடமும் சொல்லவில்லையாம். மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். அவர் ரத்தத்திலும் அதே கிருமி, காய்ச்சாத பால் வழியாக வந்தது.

நோயுள்ள மாடுகளை அறுக்கும் உத்தரவில் படுத்தபடியே கையெழுத்திட்டார். பட்டியலில் கான்ஷாயிமின் பெயர் வந்த இடத்தில் பேனா கொஞ்சம் நின்றது. எனக்கே பாவமாக இருந்தது.

"தங்கச்சி," என்றார் மெதுவாக, "எனக்கு எங்கிருந்து வந்துச்சுன்னு சீட்டுல எழுதுவாங்களா?"

"எழுதுவாங்கண்ணே."

"வெளிநாடுன்னு எழுதச் சொல்லேன். மாடுன்னு வேணாம்."

மருத்துவமனை டாக்டர் இரண்டையும் எழுதினார்.