மேலே ஏறாத வரி

என் தம்பி தர்மலிங்கம் ஜப்பான் மீன்பிடிக் கப்பலுக்கு வேலைக்குப் போனபோது அவன் பெண்சாதி அஞ்சுகத்துக்கு ஏழு மாதம். முன்பு பிறந்த இரண்டும் தங்கவில்லை. "இதாச்சும் நெலைக்குமாக்கா" என்று எங்கள் ஊர் கிளிஞ்சல்மேட்டில் என்னிடம் கேட்டுவிட்டுத்தான் கிளம்பினான்.

எண்பத்தெட்டு தையில் அவளுக்குப் பெண் பிறந்தது. பிறந்த கையோடு மெட்ராஸ் ஏஜெண்ட் ஆபீசிலிருந்து தந்தி. எஞ்சின் அறையில் தீப்பிடித்து, தம்பி ஜப்பானில் ஓர் ஆஸ்பத்திரியில் கண்ணில் கட்டோடு கிடந்தான். கப்பல் மற்றவர்களோடு கடலுக்குத் திரும்பிவிட்டது. தமிழில் ஒரு வார்த்தை பேச அங்கே நாதியில்லை.

கேசட்டில் பேசி அனுப்பினால் போய்ச் சேர நாளாகும். ஏஜெண்ட் ஆபீசில் ஃபேக்ஸ் இருந்தது. வழி சொன்னவன் எங்கள் தெரு சந்தனசாமி மகன் அற்புதராஜ். ஜப்பானில் வேலை பார்த்து, அந்த ஊர்க் கம்ப்யூட்டர் ஒன்றையும் தூக்கி வந்தவன். நம் தமிழையே ஜப்பான் எழுத்தில் அடித்தால், நர்ஸ் அர்த்தம் தெரியாமலே வாசிப்பாள், தம்பி கேட்டுக்கொள்வான் என்றான். அவனுக்கே அந்த எழுத்து வாசிக்க வராது. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டினால் கம்ப்யூட்டரே ஜப்பான் எழுத்தாக மாற்றிக்கொள்ளும்.

அஞ்சுகம் சொல்ல, அவன் தட்டினான். ஒவ்வொரு வரியும் முதலில் திரையின் அடியில் கோழி கிளறினாற்போல வந்து நிற்கும். ஒரு பொத்தானை அமுக்கினால்தான் மேலே கடிதத்துக்குள் ஏறும். வீடு, வலை, மாமியார் முட்டிவலி எல்லாம் சொன்னாள். பிள்ளையைப் பற்றி வாய் திறக்கவில்லை. பிள்ளை பிழைத்ததை எங்கள் வீட்டில் எடுத்த எடுப்பில் சொல்ல மாட்டோம், கண் பட்டுவிடும். கடைசியில் போகிற போக்கில் சொல்வதுதான் வழக்கம். எனக்கோ பொறுமை போய்விட்டது.

"அதச் சொல்லுடி, அவன் அதுக்குத்தானே கெடக்கான்" என்றேன்.

"பொண்ணு பொறந்திருக்கு. நல்லா பால் குடிக்குது" என்றவள் உடைந்து அழுதாள். அற்புதராஜுக்கும் கண் கலங்கியது. தட்டி முடித்து நேரே பிரிண்ட் எடுத்தான். தாள் நிறைய எழுத்து. அதில் எதை யார் சரிபார்ப்பது? ஏஜெண்ட் ஆபீசில் ஃபேக்ஸ் கொடுக்க அன்றே மெட்ராஸ் பஸ் ஏறினான்.

அந்த மாதமே தம்பி போய்விட்டான். "புள்ள சேதியக் கேட்டுட்டுத்தான் போனாரு" என்று அஞ்சுகம் அதையே பிடித்துக்கொண்டு நாளை ஓட்டினாள்.

சித்திரையில், கப்பலில் கூட இருந்த நாகப்பட்டினம் சிங்காரவேலு தம்பியின் பெட்டியோடு வந்தார். கப்பல் கரைக்குத் திரும்பியதும் ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார்; கடைசி இரண்டு நாள் பக்கத்திலேயே இருந்திருக்கிறார்.

"நர்ஸம்மா வாசிச்சு முடிச்சதும், அவ்வளவுதானான்னு கேப்பாரு. மறுபடி வாசிக்கச் சொல்வாரு" என்றவர், அஞ்சுகத்தின் பக்கம் திரும்பினார். "உங்ககிட்ட சொல்லச் சொன்னாருங்க. இதுவும் தங்கலன்னு சொல்ல மனசு வராமத்தான் விட்டுட்டீங்களாம். அழ வேணாம்னாரு. உங்க மேல தப்பில்லன்னாரு."

அவள் மடியில் கிடந்த பிள்ளையை அவர் என் பேத்தி என்று நினைத்திருக்கிறார்.

அற்புதராஜைக் கூப்பிட்டு அனுப்பினோம். அன்று சொன்னதை அஞ்சுகம் திரும்பச் சொல்லச் சொல்ல, தம்பியின் பெட்டியிலிருந்த ஃபேக்ஸ் தாளை விரலால் வரி வரியாகத் தொட்டு எண்ணினான். முகம் செத்துவிட்டது. "கடைசி வரி அடியிலயே நின்னுடுச்சுக்கா. மேல ஏத்தாம பிரிண்ட் எடுத்துட்டேன். திரையில கண்ணுக்குத் தெரிஞ்சுதே, உள்ள போயிருக்கும்னு இருந்துட்டேன்."

அந்தக் கம்ப்யூட்டரை உடைத்துப் போட வேண்டும்போல எனக்கு ஆத்திரம் வந்தது. அஞ்சுகம் பிள்ளையைத் தூக்கி சிங்காரவேலுவின் கையில் கொடுத்தாள்.

"இதாண்ணே அந்தப் புள்ள" என்றாள். "இது செத்துப்போச்சுன்னு நெனச்சு, எனக்கு ஆறுதல் சொல்லிட்டுப் போயிருக்காரு."