நாலு வாய்ச் சோறு

என் வீட்டுக்காரர் சோற்றை விட்ட பிறகுதான் எங்கள் வீட்டில் சோற்றைப் பற்றிய பேச்சு அதிகமாயிற்று. அதற்கு முன்பு வருஷக்கணக்கில் மூன்று வேளையும் சோறு தின்றவர், ஒரு நாளாவது அதைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. குழைந்துவிட்டது, விறைத்துவிட்டது, ஆறிவிட்டது என்று குறைதான். திண்டிவனத்து டாக்டர் இவரைப் பார்த்துவிட்டு, சர்க்கரை வியாதி முற்றியிருக்கிறது, கால் கட்டைவிரல் புண் ஆற வேண்டுமானால் அரிசியைத் தொடக்கூடாது, தொட்டால் விரல் போகும், பிறகு காலே போகும் என்று சொல்லியனுப்பினார். அன்றைக்கு நான் சோறு வடிக்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு, கஞ்சித் தண்ணீரின் வாசனையைப் பற்றி இவர் பேசிய பேச்சை, என்னைப் பெண் பார்க்க வந்தபோது என்னைப் பற்றிக்கூடப் பேசியிருக்க மாட்டார்.

ஊசி மருந்து ஒன்று இருக்கிறதாம். உலகச் சண்டை முடிந்தும் அது எங்கள் பக்கம் வந்து சேரவில்லை. அதனால் பத்தியம் ஒன்றுதான் வழி.

செஞ்சியில் இப்படி அரிசியை விட்டவர்கள் இவரோடு சேர்த்து மூன்று பேர். ஒருவர் பச்சமுத்து, அரிசி மில் முதலாளி. ஊருக்கெல்லாம் நெல் அரைத்துக் கொடுத்துவிட்டு, தான் மட்டும் வீட்டில் கத்தரிக்காயைச் சுட்டுத் தின்றார். இன்னொருவர் லூர்துநாதன், மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மூவரும் விடிந்ததும் கோட்டைக்குள் நடக்கப் போவார்கள். நடை என்பது பெயருக்குத்தான். நெற்களஞ்சியம் வரைக்கும் போய் அதன் நிழலில் உட்கார்ந்துவிடுவார்கள். ராஜா காலத்தில் மலை மலையாய் நெல்லைக் கொட்டி வைத்த இடம் அது. அரிசியை மறக்க நினைத்தவர்களுக்கு அத்தனை பெரிய கோட்டையில் வேறு இடம் அகப்படவில்லை.

வாத்தியார் மாதா கோயிலில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்து பழகியவர். அந்த முறையை இங்கேயும் கொண்டுவந்துவிட்டார். முந்தின நாள் வாயில் போட்டதை ஒளிக்காமல் மற்ற இருவரிடமும் சொல்லிவிட வேண்டும்.

"பேத்தி தட்டுல ரெண்டு பருக்கை கெடந்துது. கொட்ட மனசு வல்ல" என்பார் பச்சமுத்து.

"ரெண்டு பருக்கையா, ஒரு புடியா?" என்று கேட்பார் வாத்தியார்.

"புடிதான். சின்னப் புடி."

அதற்குப் பிராயச்சித்தம், கோட்டைக்குள் இருக்கும் கல்யாண மகாலைச் சுற்றிக் கூடுதலாக ஒரு நடை. பிறகு ஆறுதல் சொல்லும் நேரம். சோற்றில் என்ன இருக்கிறது, வெறும் மண் என்பார் ஒருவர். முட்டையைப் போல உண்டா, எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்கிற நிலக்கடலையை வேகவைத்தால் அதைப் போல உண்டா என்பார் இன்னொருவர். பூசணிக்காயில் எத்தனை தினுசு செய்யலாம் என்று மூன்றாமவர் அடுக்குவார். அடுப்பங்கரை எந்தத் திக்கில் இருக்கிறது என்று தெரியாத மூன்று ஆண்பிள்ளைகள் சமையல் பேசினார்கள். கடைசியில் எப்படிச் சுற்றினாலும் பேச்சு பழைய சோற்றிலும் சின்ன வெங்காயத்திலும் வந்து நின்றுவிடும். அதோடு எழுந்து வந்துவிடுவார்கள்.

இதில் ஒரு கூத்தும் நடந்தது. அரிசிப் பஞ்சத்தில் ஊரே ரேஷன் கடை வாசலில் நின்றுகொண்டிருந்த சமயம். மூன்று பெரிய மனிதர்கள் அரிசியைத் தொடுவதில்லை என்ற சேதி பரவியதும், நாட்டுக்காகத்தான் விட்டிருக்கிறார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். உணவுச் சிக்கனக் கூட்டம் ஒன்றில் மேடையேற்றி மாலை போட்டார்கள். மூவரும் கழுத்தை நீட்டினார்கள்.

"இன்னாங்க இது, பொய்யில்லியா?" என்று கேட்டேன்.

"நாங்க ஒண்ணும் சொல்லலியே. அவங்களா போட்டாங்க" என்றார் இவர். மாலையைச் சாமி படத்துக்குக்கூடப் போடாமல் தன் சட்டை மாட்டும் ஆணியில் மாட்டி வைத்தார்.

எனக்குச் சிரிப்பு வந்தாலும் அந்தப் பொய் எனக்கும் வசதியாகத்தான் இருந்தது. என் மகள் மங்கைக்கு இரண்டு இடம் கூடி வந்து தட்டிப்போயிருந்தது. அப்பனுக்குச் சர்க்கரை இருந்தால் மகளுக்கும் வரும், பிறகு அவள் வயிற்றுப் பிள்ளைக்கும் வரும் என்று யாரோ போய் ஓதியிருந்தார்கள். இரண்டாவது இடமும் போன பிறகு மங்கை கண்ணாடி பார்ப்பதை விட்டுவிட்டாள். அதைப் பார்த்துக்கொண்டு வீட்டில் வளைய வருவது எனக்குப் பெரிய வேதனையாக இருந்தது.

மூன்றாவதாக அவலூர்பேட்டையிலிருந்து வந்தார்கள். பையன் இராமச்சந்திரன், போர்டு பள்ளிக்கூடத்து வாத்தியார். அப்பா துரைக்கண்ணு, அம்மா செல்லம்மாள், கொஞ்சம் நிலம், ஒரு பசு. வந்து பார்த்தார்கள், பிடித்துவிட்டது. மங்கை மறுநாள் கண்ணாடி முன்னால் நின்றதை நான் பார்த்தேன். இனி நாங்கள் அவர்கள் வீட்டுக்குப் போய்க் கை நனைக்க வேண்டியதுதான் பாக்கி.

எங்கள் பக்கத்தில் அதுதான் முடிவு. சம்பந்தம் பேசப் போன வீட்டில் இஷ்டமில்லை என்றால் பச்சைத் தண்ணீரோடு எழுந்து வந்துவிடுவார்கள். இலையில் உட்கார்ந்து கையை நனைத்துவிட்டால் பெண் கொடுத்த மாதிரி. கை நனைப்பது என்றால் சோற்றில்தான் நனைக்க வேண்டும்.

"நாலு வாய் துண்ணுட்டு எந்திரிங்க. நாலு வாயில கால் போயிடாது. வியாதின்னு மட்டும் வாயத் தொறக்காதீங்க" என்றேன்.

"பொண்ணுக்காவ இதுகூட செய்ய மாட்டனா?" என்றார். இத்தனை சீக்கிரம் அவர் எதற்குமே சம்மதித்ததில்லை.

ஆனால் சம்மதித்த கையோடு அதைக் களஞ்சியத்தில் போய் ஒப்பித்துவிட்டார். அங்கே பெரிய விவாதம். நாலு வாய் கூடாது என்று பச்சமுத்து. பெண்ணின் கல்யாணம், ஒரு வாய்க்கு மன்னிப்பு உண்டு என்று வாத்தியார். கடைசியில் ஒரு வாய் என்று தீர்மானமாகி, அதையும் தாங்கள் இருவரும் கூட இருந்து பார்த்துக்கொள்வதாக முடிவு செய்தார்கள். என் கொழுந்தனாருக்கும் எங்களுக்கும் பேச்சு வார்த்தை இல்லை. பெரிய மனிதர்கள் இல்லாமல் சம்பந்தம் பேசப் போக முடியாது. வேறு வழியில்லாமல் அந்த இரண்டு பேரையும் அழைத்துக்கொண்டு, பெட்ரோல் பஞ்சத்தில் அடுப்புக் கரியில் ஓடிக்கொண்டிருந்த கரி பஸ்ஸில் ஏறினேன்.

செல்லம்மாள் நல்லபடியாகத்தான் வரவேற்றாள். எங்கேயோ அலைந்து சம்பா அரிசி வாங்கிச் சமைத்திருந்தாள். பூசணிக்காய்க் கூட்டு, அவரைக்காய்ப் பொரியல், வடை, வெல்லப் பாயசம். அந்தக் காலத்தில் அது ராஜ விருந்து. துரைக்கண்ணுவும் எங்கள் ஆட்கள் மூவரும் இலையில் உட்கார்ந்தார்கள். நான் அடுப்பங்கரை நிலைப்படியில் நின்றேன். ஆவி பறக்கச் சோறு விழுந்தது. இவர் மூக்கு விரிந்தது எனக்கு அங்கிருந்தே தெரிந்தது.

"எனக்கு வயிறு சரியில்லமா, சோறு வேணாம். பொரியல் வையி" என்றார் பச்சமுத்து.

"எனக்கு இன்னிக்கு ஒருசந்தி" என்றார் வாத்தியார். அது அவர்கள் மதத்து விரதம்.

ஒருசந்திக்காரர் கூட்டை நாலு தரம் கேட்டு வாங்கினார். வயிறு சரியில்லாதவர் பொரியல் சட்டியைக் காலி செய்தார். வடைத் தட்டு போன இடம் தெரியவில்லை. சோறு அப்படியே குவிந்து கிடந்தது. செல்லம்மாள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"ஒருசந்தின்னா இவ்ளோ கூட்டு சாப்டலாங்களா?" என்று வாத்தியாரைக் கேட்டாள்.

"காய்க்கு வெலக்கு உண்டுமா" என்றார் அவர், மென்றுகொண்டே.

இவரோ சோற்றின் நடுவில் குழி பறித்து, சாம்பாரை ஊற்றி, ஒரு பருக்கை விடாமல் பிசைந்துகொண்டிருந்தார். கடைசியில் உருட்டி எடுத்தார். ஒரு வாய் என்பது கணக்கில் ஒன்றுதான், ஆனால் அந்த உருண்டை ஒரு தேங்காய் மூடி அளவு இருந்தது. கையை வாய்க்குக் கொண்டுபோனார். பச்சமுத்து அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"இது ஒரு வாயா, ராஜாங்கம்?" என்று இவர் பெயரைச் சொல்லி ரகசியமாகக் கேட்டார். அவர் ரகசியம் தெருவரைக்கும் கேட்கும்.

"வுடுய்யா" என்றார் இவர்.

"பாதியா ஒடச்சிக்கோ" என்று மறுபக்கத்திலிருந்து வாத்தியார் கையை நீட்டினார்.

பெண்ணைப் பெற்றவர் கை நனைக்கப் போகும்போது, கூட வந்த பெரிய மனிதர்கள் இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் கையைப் பிடித்து இழுத்தால் எந்த வீட்டில் என்ன நினைப்பார்கள்? தண்ணீர்ச் சொம்போடு நின்ற இராமச்சந்திரன் தலையைக் குனிந்துகொண்டான். துரைக்கண்ணு சாப்பிடுவதை நிறுத்தினார்.

"வேணாம்னா வேணாம்னு சொல்லிடலாங்க. இலையில ஒக்காந்து இப்டி அவமானப்படுத்த வேணாம்" என்றார்.

மாலைக்குக் கழுத்தை நீட்டிய மூன்று பேரில் ஒருவருக்காவது வாய் திறக்கவில்லை. என் மங்கையின் வாழ்வு அந்த இலையோடு எழுந்து போவது எனக்குக் கண்ணெதிரே தெரிந்தது. ஆண்கள் பேசும் இடத்தில் பேசக்கூடாது என்பதெல்லாம் அப்போது எனக்கு நினைவில்லை.

"அவருக்கு சக்கர வியாதி. இவங்க மூணு பேருக்குமேதான். சோறு துண்ணா கால எடுக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. அதச் சொன்னா நீங்க பொண்ணு எடுக்க மாட்டீங்கன்னு மறைச்சோம். இதுக்கு முந்தி ரெண்டு எடம் இதால போச்சு. இப்ப சொல்லிட்டேன். வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க. அவர் கால பலி குடுத்து என் பொண்ணுக்குக் கல்யாணம் வேணாம்."

சொல்லிவிட்டு நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டேன்.

செல்லம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள். "அவ்ளோதானா?" என்றாள். "நான் இன்னான்னு நெனச்சேன். சம்பா பத்தலன்னு பாதி ரேஷன் அரிசியக் கலந்தேன். அந்த நாத்தம் தெரிஞ்சிதான் மூணு பேரும் தொட மாட்றாங்கன்னு நெனச்சி உள்ள செத்துகினு இருந்தேன்."

"வியாதி பரம்பரையா வரும்னு சொல்றாங்களே" என்று இழுத்தார் துரைக்கண்ணு.

"உங்க நைனா குடிச்சே செத்தாரு. அதுக்காவ எங்கப்பன் பொண்ணு குடுக்க மாட்டன்னாரா?" என்றாள் செல்லம்மாள். துரைக்கண்ணு இலையைப் பார்த்துக்கொண்டார். அவள் என் பக்கம் திரும்பினாள். "பொண்ணு சோறு துண்ணுதா அக்கா?"

"நல்லா துண்ணும்."

"அப்ப இன்னா."

இந்தப் பேச்சில் பச்சமுத்துவின் பிடி தளர்ந்திருந்தது. இவர் கை மெல்ல மெல்ல உயர்ந்து, உருண்டை வாய்க்குப் பக்கத்தில் வந்துவிட்டது. செல்லம்மாள் இரண்டே எட்டில் போய் அந்தக் கையைப் பிடித்து உதறினாள். உருண்டை இலையில் விழுந்தது. அப்படியே இலையைச் சோற்றோடு சுருட்டி எடுத்தாள்.

"எங்க ஊட்டு சோத்தத் துண்ணு எங்க அண்ணனுக்குக் கால் போச்சின்னு பேரு வரக்கூடாது. இருங்கண்ணே, மல்லாட்டை வேகவெச்சது இருக்குது, உப்பு போட்டு. அதுல கை நனையுங்க" என்றாள்.

சாப்பிட உட்கார்ந்தவன் முன்னாலிருந்து இலையை எடுப்பது எங்களில் பகையாளிக்குக்கூடச் செய்யாத காரியம். கூடப் பிறந்தவனிடம் மட்டும்தான் அந்த உரிமை எடுத்துக்கொள்ள முடியும். அவள் அண்ணே என்று சொல்லிக்கொண்டே இலையை எடுத்தபோது, மங்கைக்கு வீடு கிடைத்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

இவர் கண்ணிலிருந்தும் பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது. வாத்தியார் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார். துரைக்கண்ணுவுக்கே மனசு இளகிவிட்டது.

"பொண்ணப் பெத்தவரு இல்லியா. சந்தோஷம் தாங்கல" என்றார்.

இவர் பார்வை எங்கே போகிறது என்று பார்த்தவள் நான் ஒருத்திதான். கொல்லையில் செல்லம்மாளின் பசு அந்த இலையைச் சோற்றோடு சேர்த்து மென்றுகொண்டிருந்தது.