ஹோபர்ட் சுடாத சேவல்

கத்தி முனையில் ஏதோ நறுக்கென்று தட்டியதும் லவெட்டா கையை நிறுத்தினாள். வான்கோழியின் நெஞ்சுக்கறியை விரல் பருமனுக்கு அரிந்து மோரில் ஊறப் போட்டுக்கொண்டிருந்தாள். கழுத்தை ஒட்டிய இடத்தில் சதையைப் பிதுக்கி, தட்டுப்பட்டதை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்துப் பார்த்தாள். கடுகளவு துப்பாக்கி ரவை. இன்னும் கிளறினாள். இன்னொன்று வந்தது. அதுவும் கடுகுதான்.

அன்று பிற்பகல் அவள் கணவர் ஹோபர்ட்டுக்கு அடக்கம். வீட்டுக்காரியே சாவுச் சாப்பாட்டுக்குச் சமைப்பதாவது என்று தேவாலயத்துப் பெண்கள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்கள். உருளைக்கிழங்கும் பீன்ஸும் பன்றித்தொடையும் நீங்கள் செய்யுங்கள், இந்தப் பறவை மட்டும் என் சட்டியில்தான் பொரியும் என்று அவள் சொல்லிவிட்டாள். சனிக்கிழமை விடிகாலையில் மலை முகட்டில் இந்தச் சேவலைச் சுட்டு வீழ்த்திவிட்டு, சாய்ந்திருந்த மரத்தடியிலேயே அவர் உயிர் போனது என்று பள்ளத்தாக்கு முழுக்கப் பேச்சு. கேட்டவர்கள் எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கொடுத்து வைத்த மனுஷன் என்றார்கள். லவெட்டாவும் மூன்று நாளாக அதைப் பிடித்துக்கொண்டுதான் நடமாடினாள்.

ஆனால் ஹோபர்ட் போடும் ரவை மிளகு அளவு இருக்கும். கல்யாணமான வருஷத்திலிருந்து அவர் தோட்டாவை மாற்றவில்லை. கடுகு ரவை போடுகிறவன் அவருடைய சிநேகிதன் டாய்ல். மருமகன் வாங்கிக் கொடுத்த புதுமாதிரித் தோட்டா, தூரத்துக்கு நன்றாகப் போகிறது என்று அவனுக்கு ஒரே பெருமை. ஹோபர்ட் அதை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்துவிட்டு, இதை முட்டை மேல் தூவித் தின்னலாம் என்று கேலி செய்ததை இதே சமையலறையில் நின்று அவள் கேட்டிருக்கிறாள்.

கையைத் துடைத்துக்கொண்டு போய், மூலையில் சாத்தியிருந்த துப்பாக்கியை எடுத்துக் குழாய் வாயை முகர்ந்தாள். சனிக்கிழமை டாய்ல் கொண்டுவந்து வைத்ததை யாரும் தொடவில்லை. எண்ணெய் வாசனை மட்டும்தான் வந்தது, வெடிமருந்து நெடி இல்லை.

அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அடுத்தவன் சுட்ட பறவையைத் தன் பெயரில் போட்டுக்கொள்கிற மனுஷனா அவர்? ஒரு வசந்தத்தில் தீவனக்கடைக்காரர், டாய்ல் சுட்ட பெரிய சேவலின் படத்தைச் சுவரில் ஒட்டி, கீழே ஹோபர்ட் ஸ்டால்கப் என்று தவறாக எழுதிவிட்டார். ஹோபர்ட் மழையோடு மழையாகப் போய், கடைக்காரரை ஏணியில் ஏற்றி, பெயரை மாற்றி எழுத வைத்துவிட்டுத்தான் வீடு திரும்பினார். மாட்டுக்குத் தவிடு வாங்கப் போனவர், தவிட்டை மறந்துவிட்டு வந்தார். அப்படிப்பட்டவரை இரவல் பறவையோடு மண்ணுக்குள் அனுப்புவதா?

சரி, உடைத்துச் சொல்லிவிடலாம் என்றால் கார்லண்ட் இருக்கிறான். அவள் ஒரே மகன், நகரத்தில் மின்கம்பி வேலை. சனிக்கிழமை ராத்திரி வந்து இறங்கியதும் அவன் கேட்ட முதல் கேள்வி, டாக்டர் மலை ஏறக்கூடாது என்று சொல்லியும் ஏன் அனுப்பினீர்கள் என்பதுதான்.  குனிந்தால் மூச்சு வாங்குகிறது என்று ஹோபர்ட் திணறியபோது, மண்டியிட்டு அவர் பூட்ஸ் கயிறுகளைக் கட்டிவிட்டவளே அவள்தான் என்பதை எப்படிச் சொல்வது? டாய்லிடமும் அவன் எரிந்து விழுந்தான். அப்போதுதான் டாய்ல், உன் அப்பா கடைசிச் சேவலைச் சுட்டுவிட்டுத்தான் போனார் என்றான். கார்லண்ட் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். பிறகு அவனே சேவலின் மார்பில் தொங்கிய தாடியை அறுத்து, சவப்பெட்டியில் கிடத்தியிருந்த அப்பாவின் சட்டைப் பையில் செருகினான். அதற்குப் பிறகு அம்மாவை அவன் ஒன்றும் கேட்கவில்லை.

அந்த நிம்மதியைப் பிடுங்குவதா என்று யோசித்தபடியே அவள் கறியை மாவில் புரட்டிப் பொரித்து முடித்தாள். இரண்டு ரவைகளையும் காகிதக் கைக்குட்டையில் மடித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

தேவாலயத்து முற்றத்தில் டாய்லின் லாரி நின்றது. பழைய கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு, உள்ளே போக மனமில்லாமல் அவன் ஓட்டுநர் இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தான். டாக்வுட் மரத்தின் வெள்ளை இதழ்கள் கண்ணாடியில் உதிர்ந்து கிடந்தன. லவெட்டா கறித் தட்டோடு மறுபக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். கைக்குட்டையைப் பிரித்து அவன் உள்ளங்கையில் கொட்டினாள்.

டாய்ல் அதைப் பார்த்தான். விரலால் உருட்டினான்.

"கழுவும்போது எல்லாத்தையும் எடுத்துட்டேன்னு நெனச்சேன்" என்றான்.

"கண்ணு போச்சு ஒனக்கு. நடந்ததைச் சொல்லு."

"வேணாம் லவெட்டா. நான் சொன்னதே நல்லா இருக்கு. பையன் மனசு ஆறிட்டான். அப்படியே விட்டுரு."

"பையனை நான் பாத்துக்கறேன். எம் புருஷன் எப்படிப் போனாருன்னு எனக்குத் தெரியணும்."

அவன் சொல்லச் சொல்ல, அவள் மடியிலிருந்த தட்டின் சூடு ஆறிக்கொண்டே வந்தது. சனிக்கிழமை சுடும் முறை ஹோபர்ட்டுடையது. ஆள் மாற்றி ஆள் என்பது அவர்கள் வாலிபத்தில் போட்டுக்கொண்ட ஒப்பந்தம், ஒரு வசந்தத்திலும் அது தவறியதில்லை. ஹோபர்ட் முன்னால் ஓக் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்தார். டாய்ல் பக்கவாட்டில், கொஞ்சம் பின்தள்ளி உட்கார்ந்து, பெட்டைக்கோழி போலக் கத்தும் மரப்பெட்டியைத் தேய்த்தான். மேட்டுக்கு அப்பாலிருந்து சேவல் பதில் கொடுத்தது. ஹோபர்ட் முழங்காலைக் குத்திட்டு, மெல்லத் துப்பாக்கியை அதன்மேல் ஏற்றி வைத்தார். அதை டாய்ல் பார்த்தான். அவனிருந்த இடத்திலிருந்து தெரிந்தது அந்த முழங்காலும் துப்பாக்கியும் பூட்ஸும்தான். முகத்தில் மறைப்புக்குக் கட்டிய வலைத்துணி வேறு.

"சேவல் மேடேறி வந்துச்சு. வர்றதுக்கு ரொம்ப நேரம் எடுத்துக்கிச்சு. தோகையை விரிச்சுக்கிட்டு, மாப்பிள்ளை மாதிரி. சுடற தூரத்துக்கு வந்துருச்சு, இவன் சுடல. இன்னும் கிட்ட வந்துச்சு, சுடல. எனக்குக் காட்டறதுக்காகப் பிடிவாதமா இருக்கான், கொழுப்பைப் பாருன்னு நெனச்சேன். அவன்தான் அசையவே மாட்டானே, ஒனக்குத் தெரியாதா? கொசு கண்ணு மேல ஒக்காந்தாலும் அசைய மாட்டான். நானும் அப்படித்தான் நெனச்சேன்."

"அப்புறம்?"

"காலுகிட்ட வந்துருச்சு. நின்னு பாத்துச்சு. குனிஞ்சு பூட்ஸ் கயிறைக் கொத்திச்சு."

லவெட்டாவின் கை தட்டின் விளிம்பை இறுக்கியது. எந்தக் கால் என்று கேட்டாள். இடது கால் என்றான். எத்தனை தடவை கொத்தியது என்று கேட்டாள். அதெல்லாம் எண்ணவில்லை, இழுத்து இழுத்துப் பார்த்தது, முடிச்சு அவிழவில்லை என்றான்.

அவள் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டாள். வான்கோழிச் சேவல் எவ்வளவு உஷாரான ஜீவன் என்று அவளுக்குத் தெரியும். இமை தட்டினால் பறந்துவிடும். அந்தக் குன்றில் அதன் கண்ணில் மண்ணைத் தூவியவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். அவர்களில் எவன் காலையும் அது தொட்டதில்லை.

சேவல் சலித்துப்போய்த் தோகையை மடக்கி, ஹோபர்ட்டை விட்டு நன்றாக விலகிச் சரிவில் இறங்கியபோது, டாய்லுக்குப் பொறுக்கவில்லை. முறையாவது ஒன்றாவது என்று சுட்டுவிட்டான். சுட்ட பிறகு எழுந்துபோய்...

"போய், தூங்கிட்டியாடா கெழட்டு முண்டமேன்னு கேட்டேன்" என்றான் டாய்ல். குரல் உடைந்துவிட்டது. "தூங்கிட்டியாடான்னு திட்டி, தோள்ல ஒரு தட்டு தட்டினேன். செத்துப் போனவனை. எவ்வளவு நேரமா செத்துக் கெடந்தானோ, நான் பத்தடி தள்ளி ஒக்காந்து அவன் மேல பொருமிக்கிட்டு இருந்திருக்கேன். இதை எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு ஒங்கிட்ட சொல்றது? அதான் சேவலை அவன் கணக்குல போட்டேன்."

லவெட்டா சிரித்துவிட்டாள். சிரிப்போடு கண்ணீரும் வந்தது, துடைக்கவில்லை.

"அவர் காதுல விழுந்திருந்தா வருஷம் பூரா சொல்லிச் சொல்லிச் சிரிச்சிருப்பாரு."

"சிரிச்சிருப்பான்" என்று அவனும் ஒப்புக்கொண்டான்.

"மேடேறி வர நேரமாச்சுன்னு சொன்னியே. அந்த நேரத்துல நெஞ்சு வலிச்சப்போ அவர் ஒரு குரல் கொடுத்திருக்கலாம். நீ பக்கத்துலதான இருந்தே. சேவல் பறந்துருமேன்னு கொடுக்கல. துப்பாக்கி முழங்கால்லேர்ந்து சரியல. இதைவிடவா ஒரு சேவல் பெருசு? இன்னைக்கு நீ இதைச் சொல்றே, டாய்ல். எல்லாருக்கும் முன்னாடி."

"செத்தவன் அசையாம இருந்ததுல என்ன பெருமைன்னு கேப்பாங்க."

"கேக்கட்டும். கேக்கறவன் காலைச் சேவல் கொத்தினப்புறம் கேக்கச் சொல்லு."

தட்டைத் தூக்கிக்கொண்டு அவள் இறங்கிவிட்டாள். உள்ளே ஆராதனைக்கு முன் சவப்பெட்டி திறந்திருந்தது. யாருமில்லாத நேரம் பார்த்து அருகே போனாள். ஹோபர்ட்டின் சட்டைப் பையிலிருந்து சேவல் தாடியை உருவினாள். பையைத் தட்டி நேராக்கினாள். காலர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது, அதையும் அழுத்திவிட்டாள். பிறகு வாசலில் தயங்கி நின்ற டாய்லிடம் வந்து, அவன் கோட்டுப் பையில் தாடியைச் செருகினாள். ஒன்னோடதை நீ வச்சுக்கோ என்று மட்டும் சொன்னாள். போதகரிடமும் போய், பிரசங்கத்தில் சேவல் பேச்சு வேண்டாம், அதைச் சொல்ல ஆள் இருக்கிறது என்றாள்.

சேவல் பேச்சு வராததைக் கார்லண்ட் கவனிக்காமல் இல்லை. கல்லறையிலிருந்து திரும்பும்போது, பிரசங்கத்தில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டான். சாப்பாட்டில் சொல்வார்கள் என்றாள். அப்புறம் நடை தளர்ந்து நின்றாள்.

"கார்லண்ட், அன்னைக்கு அப்பா பூட்ஸ் கயிறைக் கட்டிவிட்டது நான்தான். தடுக்கல. தடுத்திருந்தா நின்னிருப்பாரு. எனக்குத் தடுக்க மனசு வரல."

 அவன் அவள் கையைப் பிடித்துக்கொள்ளவில்லை. ஆனால் அவளை விட்டு முன்னால் போகாமல், அவள் நடைக்கே நடந்து வந்தான்.

தேவாலயத்தின் கீழ்க்கூடத்தில் நீள மேஜைகள் நிரம்பிவிட்டன. பொரித்த கறி முதலில் தீர்ந்தது. ருபார்ப் தண்டு வைத்துச் சுட்ட இனிப்பை வெட்டும் நேரத்தில் டாய்ல் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்தான். அந்தச் சேவலைச் சுட்டது ஹோபர்ட் இல்லை, நான் என்றான்.

கரண்டிச் சத்தம் நின்றது. கார்லண்டின் முகம் சிவந்தது.

"அப்போ எங்கிட்ட சொன்னது பொய்யா, டாய்ல் மாமா?"

"பொய்தான். ஒன் அப்பன் அந்தச் சேவலைச் சுடல. இப்போ நெஜத்தைக் கேளு."

லாரிக்குள் சொன்னது போலத் தடுமாறவில்லை. ஹோபர்ட் முழங்காலில் துப்பாக்கியை ஏற்றியது, சேவல் மேடேறியது, தோகை விரித்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். தான் பொருமியதையும் மறைக்கவில்லை. தூங்கிட்டியாடா என்று கேட்டதைச் சொன்னபோது பின் வரிசையில் யாரோ அடக்க மாட்டாமல் சிரித்தார்கள், சிரித்தவரே முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தக் கூடத்தில் இருந்த ஆண்களில் முக்கால்வாசிப் பேர் வேட்டைக்காரர்கள். சேவல் கயிறைக் கொத்தியது என்றதும் ஒருவர் கையிலிருந்த கோப்பை வாய்க்கும் மேஜைக்கும் நடுவே நின்றுவிட்டது.

லவெட்டா சமையலறை வாசலில் காப்பிக் கெண்டியோடு நின்று மகனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் குனிந்து மேஜை விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். எழுந்து வெளியே போய்விடுவானோ என்று அவள் பயந்தாள். அவன் எழுந்தான். நாற்காலிகளுக்கு நடுவே புகுந்து நேரே டாய்லிடம் வந்து நின்றான்.

"எவ்வளவு கிட்ட?" என்றான்.

 டாய்ல் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு அவனை உட்காரச் சொன்னான். ஒரு முழங்காலைக் குத்திட வைத்தான். அப்புறம் சிரமப்பட்டுக் குனிந்து, தன் தொப்பியை அவன் இடது கால் விரல்களை ஒட்டித் தரையில் வைத்தான்.

"இங்க."

கார்லண்ட் தொப்பியைப் பார்த்தான். காலை நகர்த்தவில்லை. அடுத்த மேஜைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள், பின்னாலிருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். 

காப்பி ஆறிக்கொண்டிருந்தது. லவெட்டா மேஜை மேஜையாக ஊற்றிக்கொண்டு வந்தாள். மகன் இருந்த இடத்துக்கு வந்தபோது, சத்தம் எழாமல் அடியெடுத்து வைத்து, அந்தத் தொப்பியைச் சுற்றிக்கொண்டு போனாள்.