வெள்ளைத் தரை

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். நிதர்சன் நன்றாகவே பிழைத்தான். மன்னாருக்கு வருகிறவர்களுக்குக் கோட்டையையும் பல நூறு வயதுப் பெருக்கமரத்தையும் காட்டி அவன் கதை சொன்னால், மரமே தன் வயதை மறந்துவிடும். ஆனால் அவன் முருங்கன் பக்கத்து வயற்காரன். கடல் அவனுக்குக் கரையிலிருந்து பார்த்த பழக்கம்தான்.

லண்டனிலிருந்து தனியே வந்த டிலோஜினிக்குப் பூநாரைகளைக் கிட்டப்போய்ப் படமெடுக்க வேண்டும்; நிதர்சன்தான் வழிகாட்டி. அவை மேயும் களப்பு, கடல் ஏறி வற்றும் அந்தக் கழி, வற்றிக் கிடந்தது. ஒரு பக்கம் ஈரம் மின்னும் கறுத்த மணல். மறுபக்கம் உப்புப் பூத்து, வெடித்துக் காய்ந்த வெள்ளைத் தரை. பறவைகள் அந்த வெள்ளைக்கு அப்பால் நின்றன.

கரையில் நண்டுவலை சுருட்டிக்கொண்டிருந்த பேசாலைக்காரி சுவேதினி, கேளாமலே புத்தி சொன்னாள். ஈரத்தில் மட்டும்தான் நடக்க வேண்டுமாம். தெற்கிலிருந்து சோளகக் காற்று எழும்புகிறதாம், கடல் உள்ளே ஏறுமுன் திரும்பிவிட வேண்டுமாம். வந்தவளுக்கு முன்னால் இப்படிச் சொன்னது நிதர்சனுக்குச் சுருக்கென்று தைத்தது.

"நான் சேத்தில பிறந்து வளந்தனான், தங்கச்சி. வெடிச்ச நிலம் மாட்டையும் தாங்கும்."

வயலுக்கு அது சரிதான். கால்மணி நேரம் ஈரத்தோடு போனவன், குறுக்குவழி என்று வெள்ளைக்குத் திரும்பினான். படத்தில் தன் முதுகு விழக்கூடாதென்று டிலோஜினியை முன்னே விட்டான்.

தரை அப்பளமாக நொறுங்கியது; அடியில் கூழ்ச்சேறு. அவள் தொடைவரை இறங்கிவிட்டாள். வயலில் புதைந்த கன்றை இழுப்பதுபோல அவன் காலூன்றி இழுத்தான். இழுக்க இழுக்க அவனும் இடுப்புவரை போனான். பூநாரைகள் ஒன்றும் மிஞ்சாமல் எழும்பிப் போயின. தெற்கிலிருந்து தண்ணீர் சத்தமில்லாமல் வந்து வெள்ளையை விரலளவு மூடியது, பிறகு சாணளவு. என் வாயை நம்பி வந்தவள் சாகப்போகிறாள் என்று அவனுக்குப் பட்டது.

அவர்கள் வெள்ளைப் பக்கம் திரும்பியதைக் கண்டே ஓடிவந்திருந்த சுவேதினி, ஈரமணலில் நின்று வலைக்கயிற்றை எறிந்தாள்.

"நிண்டு இழுக்காதேங்கோ. குப்புறப் படுங்கோ. முதல் அக்கா வரட்டும்."

ஏறுகிற தண்ணீரில் முகத்தை வைத்துப் படுக்க யாருக்குத்தான் மனம் வரும்? டிலோஜினி அழுதுகொண்டே படுத்தாள். கயிறு அவளை இழுத்துக்கொண்டு போனது. அது திரும்பி வந்தபோது நிதர்சனுக்குத் தண்ணீர் நெஞ்சில் நின்றது. அவனும் படுத்து, உப்புத்தண்ணீரை வயிறு முட்டக் குடித்து, மணலில் வந்து விழுந்தான்.

எழுந்து நின்று பார்த்தான். ஈரம் எது, வெள்ளை எது என்று இப்போது தெரியவில்லை. கரைவரைக்கும் எல்லாம் ஒரே தண்ணீர். கணுக்காலில் நின்றது முழங்காலுக்கு ஏறிக்கொண்டிருந்தது.

டிலோஜினி அவன் பக்கம் திரும்பவேயில்லை. சுவேதினியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இனி எந்தப் பக்கம்?"

நிதர்சன் வாயைத் திறந்தான். அவனுக்கும் அதையேதான் கேட்கவேண்டியிருந்தது.