கட்டிலுக்கு என்ன தெரியும்?

லிங்க் ஒழுங்காகத்தான் வேலை செய்தது. என் வயிற்றெரிச்சலே அதுதான். செத்துப்போன லிங்க்காக இருந்திருந்தால் திரையில் பிழை என்று வந்திருக்கும், நர்ஸும் யாரையாவது கேட்டிருப்பாள்.

நான் இந்த மருத்துவமனையின் கணினிப் பிரிவில் இருக்கிறேன். ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் ஒரு ஸ்டிக்கர். அதை ஸ்கேன் செய்தால் நோயாளியின் மருந்துப் பக்கம் திறக்கும். பக்கத்தின் முகவரியில் இருப்பதோ வெறும் வார்டும் கட்டில் எண்ணும். கட்டில் இன்றைக்கு ஒருவருக்கு, நாளைக்கு வேறொருவருக்கு. ஆளுக்கு ஓர் எண் கொடுத்து அதைக் கையில் கட்டிவிடுங்கள் என்று மேனேஜரிடம் தலைபாடாக அடித்துக்கொண்டேன். மனிதர் சிரித்தார்.

"இடத்தைக் காட்டற லொக்கேட்டரும் ஒரு வகை ஐடென்டிஃபையர்தாம்மா, அடையாளந்தான். கம்ப்யூட்டர் புஸ்தகத்துலயே இருக்கு."

"இருக்கு சார். அது அந்தப் பக்கத்துக்கு அடையாளம். படுத்திருக்கற ஆளுக்கு இல்ல."

"சும்மா விதண்டாவாதம் பண்ணாதீங்க."

அதோடு விட்டாரா? அந்தரங்கம் என்று சொல்லிப் பக்கத்திலிருந்து பெயரையும் தூக்கிவிட்டார்.

நேற்று ஒரு வார்டில் படுத்திருந்தது என் சொந்த அக்கா. அவள் பக்கத்து மின்விசிறி ஓடவில்லை என்று ஜன்னலோரக் கட்டிலுக்கு மாற்றியிருக்கிறார்கள். அங்கே இருந்தவர் காலையில்தான் வீட்டுக்குப் போயிருந்தார். நான் சாப்பாட்டோடு நுழைந்தபோது நர்ஸ் ஊசியில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"என்ன ஊசி சிஸ்டர்?"

"பென்சிலின். அலர்ஜி எதுவும் இல்லன்னுதானே போட்டிருக்கு?"

அக்காவுக்குப் பென்சிலின் ஆகாது. சின்ன வயதில் ஒருமுறை போட்டு, முகம் வீங்கி மூச்சு அடைத்து, பிழைத்ததே பெரும்பாடு. டப்பாவைக் கீழே போட்டுவிட்டு நர்ஸின் கையைப் பிடித்தேன். கட்டிலில் ஆள் மாறியதைக் கணினியில் யாரும் ஏற்றவில்லை; திரையில் இருந்தது வீட்டுக்குப் போனவரின் பக்கம், பெயர் இல்லாமல். அவள் மேல் என்ன தப்பு?

நேரே மேனேஜர் அறைக்குப் போனேன். மனிதர் அலமாரியில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"என்னம்மா இது? எழுந்திருங்க!"

"இந்த இடத்துல யார் உக்காந்திருக்காங்களோ அவங்கதான் மேனேஜர். உங்க கணக்கு இதுதானே சார்? என் அக்கா செத்திருப்பா!"

அவர் மேசைப் போனை எடுத்து வார்டைக் கூப்பிட்டேன்.

"கட்டில்ல ஒட்டின ஸ்டிக்கர் எல்லாத்தையும் இப்பவே கிழிங்க. பேர் கேக்காம யாருக்கும் ஊசி போடக்கூடாது."

எடுத்தவர் நான் யார் என்று கேட்கவே இல்லை. போனில் மேனேஜர் அறை என்று காட்டியிருக்கும்.

"சரி சார்" என்றார்.