சுதர்ஷினி பேருக்கு ஒரு கவர்

தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசு வைத்த மேசைக்கு ஒரு கால் நொண்டி. ஜீவராணி சாக்கைத் தூக்கி வைத்ததும் முள் பதினெட்டுக்கும் இருபதுக்கும் நடுவே ஆடியது. கணக்கப்பிள்ளை கணேசமூர்த்தி அது நிற்கும்வரை காத்திருக்கவில்லை.

"பதினெட்டு. ஈரத்துக்கு ரெண்டு போனா பதினாறு."

"மழையே இல்லீங்களே ஐயா."

"பனி இருந்துச்சில்ல?"

பின்னால் நின்ற பூரணிக்கு வாய் சும்மா இருக்காது. "ஏன்க்கா, ஒங்க மக ஏஐ தேடி முடிச்சிருச்சா? மாப்பிள்ளை பாக்கக்கூட இம்புட்டு நாளாகாதே!"

"ஒனக்கு அவசரமாப் பாத்து என்னா கெடச்சிச்சின்னு தெரியாதா?" என்றாள் ஜீவராணி.

வரிசையே சிரித்தது.

கொழும்பில் கார்மெண்ட்ஸ் வேலை போய் தோட்டத்து லய வீட்டுக்குத் திரும்பிய மகள் சுதர்ஷினி, ஹட்டனில் கோடிங் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். சிங்களத்தில் வரும் கடுதாசியைப் போனில் படம் பிடித்தால் தமிழில் சொல்லும் ஆப் ஒன்றைக் கடைசிப் பரீட்சைக்குச் செய்தாள். முதலாவதாக வருபவருக்கு அங்கேயே வேலை. ஆப்புக்கு ஓர் ஏஐ வேண்டும். எது கட்டுப்படியாகும் என்பதுதான் ஒரு மாதமாக லயத்தின் பேச்சு.

ஏஐ ஒவ்வொன்றையும் சோதித்துப் பார்க்கக் கிடைத்தது பூரணியின் கிளினிக் கடுதாசி. ஆக மலிவானது செவ்வாய்க்கிழமையை வியாழன் என்றது. ஆக விலை கூடியது சரியாகச் சொன்னது. அந்தக் காசுக்கு டாக்டரையே லயத்துக்குக் கூட்டி வரலாம் என்றாள் பூரணி. இலவசமானதும் நன்றாகத்தான் வாசித்தது. ஆனால் பத்துக் கடுதாசியோடு மறுநாள்வரை வாயை மூடிக்கொள்ளும். நடுத்தரமான ஒன்று பிசகாமல் வாசித்தது. ஐந்து டொலர் கட்டினால் பல மாதம் ஓடும். காசு இருந்தது, கட்டுவதற்கு பேங்க் கார்டுதான் இல்லை.

மஸ்கெலியா பேங்கில் தாயும் மகளும் அரை நாள் நின்றார்கள்.

"கார்டு பத்து நாள்ல தபால்ல வரும். வீட்டு நம்பர் சொல்லுங்க."

"நம்பரெல்லாம் இல்லீங்க. தோட்டத்துப் பேரப் போட்டா ஆபீசுக்கு வந்துரும்."

ஆபீசுக்கு வரும் தபாலை மடுவத்துக்குக் கொண்டுவந்து கொடுப்பது கணேசமூர்த்தி. சுதர்ஷினி தினமும் போய்க் கேட்டாள். "வந்தா குடுக்க மாட்டமா?" என்பார், தலை நிமிராமல். பதினைந்தாம் நாளும் அதே பதில்.

"காதல் கடுதாசியா எதிர்பாக்குற?" என்று பூரணி கேட்டாள். அப்போதும் எல்லோரும் சிரித்தார்கள்.

பதினேழாம் நாள் பரீட்சை. வேறு வழியில்லாமல் இலவசமானதையே வைத்துக்கொண்டு போனாள். பரீட்சகர்கள் மூன்று பேர் மாறி மாறிக் கடுதாசி நீட்டினார்கள். பதினோராவதில் அது நின்றுபோனது.

"சின்னக் காசுதானே மகள், கட்டியிருக்கலாமே" என்றார் ஒருவர்.

வேலை வலப்பனையிலிருந்து வந்த ஒருவருக்குப் போனது.

திங்கட்கிழமை சுதர்ஷினி இடுப்பில் படங்குத் துணியைக் கட்டிக்கொண்டு கொழுந்து பறிக்க இறங்கினாள். பின்னேரம் மடுவத்து வரிசையில் தாய்க்கு முன்னால் நின்றாள். பூரணி வந்து அவள் படங்கின் முடிச்சை இறுக்கிவிட்டாள்.

மகளின் சாக்கு ஏறியது. முள் ஆடவில்லை. ஜீவராணி குனிந்து பார்த்தாள். மேசையின் நொண்டிக் காலுக்கு அடியில் ஒரு வெள்ளைக் கவர். சேறு படாத மூலையில் மகளின் பெயர் இங்கிலீஷில். பள்ளிக்கூடக் கொப்பி அட்டைகளில் பார்த்துப் பழகிய எழுத்துகள். உள்ளே கெட்டியாக ஏதோ இருந்ததால் கவர் நசுங்காமல் மேசையைத் தாங்கிக்கொண்டிருந்தது.

"பதினாலு" என்றார் கணேசமூர்த்தி. "ஈரத்துக்கு ரெண்டு."